கறார் விலை, கொஞ்சம் கொசுறு

தென்காசி ரத வீதியில் பாத்திரக்கடைக் கல்லாவுக்கு மேலே அந்தக் காலத்தில் ஒரு தகரப் பலகை தொங்கும். சிவப்பு எழுத்தில் 'கறார் விலை' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் ஊரே பேரம் பேசும். "அது வெளியூர்க்காரங்களுக்கு எழுதிப் போட்டது அண்ணாச்சி, நமக்குள்ள என்ன, ஒரு வெலையச் சொல்லுங்க" என்று கடைக்காரரே ஆரம்பித்து வைப்பார். உங்கள் ஊர்க் கடைத்தெருவிலும் இப்படி ஒரு பலகை தொங்கியிருக்கும். அதன் கீழே உங்கள் அம்மாவின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நின்றிருப்பீர்கள்.

அந்தப் பலகையில் எழுதியிருந்த இரண்டு சொற்கள் மெய்யாவதைப் பார்க்க எனக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகவேண்டியிருந்தது. போன வருஷம் என் மகள் கார் வாங்கியபோதுதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் கார் வந்தது 1979இல். அப்போது கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள், 'பிளசர்' என்பார்கள். தென்காசி அன்று தனி மாவட்டமாகவில்லை, திருநெல்வேலிச் சீமையின் மேற்கு ஓரம். காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுரம் மேல்நிலைகள் இல்லாமல் இரண்டாகப் பிளந்து நிற்கும். அந்தப் பிளவுக்கு நடுவே தெரியும் வானத்தைப் பார்த்து, சாரல் வருமா வராதா என்று சொல்லிவிடுகிறவர்கள் ஊரில் இருந்தார்கள். அப்பாவுக்குச் சின்னதாக ஓர் உரக்கடை. குற்றாலத்தில் ஒரு பங்களாவில் ஓய்வாக இருந்த எஸ்டேட் மானேஜர் ஒருவர் தன் ஸ்டாண்டர்டு ஹெரால்டைக் கொடுத்துவிட நினைக்கிறார் என்று அந்தக் கடைக்குத்தான் செய்தி வந்தது.

ஹெரால்டைப் பார்த்தவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள் என்பதால் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்த வண்டி அது. வடிவமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். இந்தியாவில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி அதைச் சென்னையில் செய்தது. எஞ்சின் 948 சி.சி., நீளம் 12 அடி 9 அங்குலம். அம்பாசடர் கல்யாண மண்டபம் மாதிரி பருத்து நின்ற காலத்தில் ஹெரால்டு தாழ்வாக, பின்பக்கம் லேசாகக் கூர்ந்து, ஓடத் தயாராக இருக்கும் பையன் மாதிரி நிற்கும். அதன் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயர் என்ற பந்தய ஜாடைக் காரையே அந்த நாட்டில் செய்தார்கள். முன் சக்கரங்கள் அப்படித் திரும்பும். 25 அடிக்குள் முழு வட்டம் அடித்துவிடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதன் பானெட்தான். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பகுதி முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்ளும்.

புது வண்டி வாங்குவது அன்று வேறு கதை. 1969இல் மத்திய அரசு அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு மூன்றுக்கும் விற்பனை விலையை நிர்ணயித்து ஆணை போட்டிருந்தது. பிறகும் வெகுகாலத்துக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருப்பதுதான் வழக்கம். 1983இல் மாருதி 800 வந்தபோதுகூட முன்பணம் கட்டிக் குலுக்கலில் பெயர் வரவேண்டும் என்று மக்கள் சாமி கும்பிட்டார்கள். அந்த விலையும் கறார்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அதில் மரியாதை எதுவும் இல்லை. ஆகையால் பேச்சு, பேரம், மனிதர்கள் எல்லாம் பழைய வண்டிச் சந்தையில்தான் இருந்தார்கள்.

அப்பா பேரம் பேசச் சின்னத்தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார். சின்னத்தாத்தா மேலப்பாளையம் சந்தையில் மாட்டுத்தரகு பார்த்தவர். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் துண்டுக்கு அடியில் போகும். விரல்கள் பேசும். எத்தனை விரல், எந்த விரல் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்பவர்கள் முகத்தைத்தான் பார்க்கமுடியும்; முகத்திலும் ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் சின்னத்தாத்தா எஸ்டேட்காரரின் பங்களாவுக்கு வந்தார். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நானும் கூடப் போனேன்.

மூன்று நாள் நடந்தது அந்தப் பேரம். முதல் நாள் காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மழை, நெல் விலை, ஐந்தருவியில் தண்ணீர் எவ்வளவு, எஸ்டேட்காரரின் சொந்த ஊர், அங்கே எங்களுக்குத் தெரிந்த குடும்பம், அந்தக் குடும்பத்தில் யார் யாருக்குப் பெண் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. காபி வந்தது, முறுக்கு வந்தது. கார் வெளியே வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது. நான் சன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் குறை சொல்லும் நாள். "மாட்டுக்குன்னா பல்லப் பிடிச்சுப் பாக்கலாம், இதுக்கு எதைவே பிடிக்க?" என்று சின்னத்தாத்தா கேட்டார். எஸ்டேட்காரர் சிரித்துக்கொண்டே பானெட்டைத் தூக்கினார். முன்பாதி முழுவதும் வாயைப் பிளந்துகொண்டு வந்ததைப் பார்த்த சின்னத்தாத்தா இரண்டடி பின்னால் போய், பிறகு குனிந்து, மாட்டைப் பார்ப்பதுபோலவே ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

மூன்றாம் நாள்தான் விலை. அவர் 13,000 கேட்டார், இவர் 9,000 என்றார். "கட்டுப்படியாகாது", "சவத்த விடும், வேற வண்டியா இல்ல", "எந்திரிங்க தம்பி போவோம்" என்று இரண்டு தடவை வாசல்வரை போய்த் திரும்பி வந்தோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வாசல்வரை போவதும் பேரத்தில் ஒரு படி என்று அந்த வயதில் தெரியாது. கடைசியில் சின்னத்தாத்தா துண்டை எடுத்துப் பானெட் மேல் விரித்தார். எஸ்டேட்காரர் ஆங்கிலம் படித்தவர், கால்சட்டை போட்டவர். ஒரு கணம் தயங்கிவிட்டு அவரும் கையை உள்ளே விட்டார். துண்டு இரண்டு முறை அசைந்தது. 10,501 ரூபாய்க்கு முடிந்தது. வெற்றிலையில் 101 ரூபாய் வைத்து அப்பா அச்சாரம் கொடுத்தார்.

அதற்கு மேல்தான் கொசுறு. "ஜாக்கியும் குடுத்திருங்க." கொடுத்தார். "மழைக்குப் போட ஒரு படுதா?" அதுவும் வந்தது. ஒரு டின் கிரீஸ், இரண்டு பழைய டியூப், ஸ்பேனர் சுருட்டி வைத்த காக்கிப் பை. புறப்படும்போது அந்த வீட்டம்மா தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றை டிக்கியில் வைக்கச் சொன்னார். ஹெரால்டு எங்களோடு இருந்த பதினோரு வருஷமும், வெயில் நாளில் டிக்கியைத் திறந்தால் அந்தப் பலாவின் வாசனை வருவதாகவே எனக்குத் தோன்றும். எஸ்டேட்காரர் சாகும்வரை ஒவ்வொரு சாரலுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து தன் வண்டியைப் பார்த்துவிட்டுப் போவார். என் அக்கா கல்யாணத்தில் அவர்தான் பந்தி விசாரித்தார். மூன்று நாள் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசியவர்களுக்கு அதற்குப் பிறகு அந்நியர்களாக இருக்க முடியவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, பேரம்தான் பொற்காலம் என்று நான் சொல்வதாக நீங்கள் நினைத்தால், என் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவுக்குப் பேரம் பேச வராது. யாராவது ஒரு விலை சொன்னால் அதை உண்மை என்று நம்புகிற மனசு. ஒருமுறை அப்பா ஊரில் இல்லாதபோது பித்தளை அண்டா ஒன்றைத் தனியாகப் போய் வாங்கி வந்தாள். அதே கடையில், அதே வாரம், அதே எடை அண்டாவைப் பக்கத்து வீட்டு மாமா நாற்பது ரூபாய் குறைத்து வாங்கியிருந்தார். அன்றைக்கு நாற்பது ரூபாய் என்பது எங்கள் வீட்டில் பத்து நாள் காய்கறி. அம்மா அந்த ரசீதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்ததை நான் பார்த்தேன். அப்பா திட்டுவார் என்ற பயத்தில் செய்ததாக அப்போது நினைத்தேன். அவமானத்தில் செய்தாள் என்பது எனக்குக் கல்யாணமாகி என் மனைவி கடைக்குப் போய் வந்த ஒரு நாளில்தான் புரிந்தது. எங்கள் உரக்கடையில் மூட்டை தூக்கியவர் சட்டைத்துணி எடுக்கப் போனால் விலை ஒன்று, அதே துணிக்கு அப்பா போனால் விலை வேறு. ஆளைப் பார்த்து விலை, கூட வந்த ஆம்பளையைப் பார்த்து விலை, பேச்சில் தெரியும் ஊரையும் சாதியையும் பார்த்து விலை. துண்டுக்கு அடியில் நடந்ததில் இதுவும் ஒன்று.

உலகத்தில் இதை முதலில் எதிர்த்தவர்களில் இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் உண்டு. ஒரு பொருளுக்கு மனதில் ஒரு விலையும் வாயில் ஒரு விலையும் வைப்பது பொய் சொல்வதுதானே என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே அவர்கள் கேட்டார்கள். அவர்கள் கடைகளில் குழந்தையை அனுப்பினாலும் பெரியவர் போனாலும் ஒரே விலை. கார் வியாபாரத்துக்கு அந்த எண்ணம் வந்துசேர மூன்று நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1990இல் 'சாட்டர்ன்' என்ற சின்னக் காரைக் கொண்டுவந்து, எழுதிய விலைதான் விலை, பேரம் கிடையாது என்று விற்றது. அந்தக் காரே 2010இல் நின்றுபோனது. ஆனால் பேரம் பேசத் தெரியாதவர்கள் அந்தக் கடைக்குப் பயமில்லாமல் போனார்கள் என்பது நின்றுபோன காருக்கும் ஒரு பெருமைதான்.

இப்போது என் மகள். அவள் வாங்க நினைத்தது ஹூண்டாய் ஐ20 வண்டியின் 'என் லைன்' வகை. அந்த 'என்' கொரியாவில் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கும் நம்யாங் என்ற ஊரின் முதல் எழுத்து. 998 சி.சி. டர்போ எஞ்சின், 120 பி.எஸ். சக்தி, நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், பின்னால் இரட்டைப் புகைக்குழாய். நீளம் 3,995 மில்லிமீட்டர். நான்கு மீட்டருக்கு ஐந்தே மில்லிமீட்டர் குறைவு. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் சின்னக் கார், வரி குறைவு என்று 2006 பட்ஜெட்டில் வந்த விதிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. எங்கள் ஹெரால்டும் நான்கு மீட்டருக்குள்தான் இருந்தது. இரண்டும் ஒரே சென்னையின் ஓரத்தில் பிறந்தவை, இது இருங்காட்டுக்கோட்டையில்.

2025 செப்டம்பர் 22 அன்று சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. செஸ்ஸோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி. சின்னத்தாத்தா உயிரோடு இருந்து மூன்று மாதம் துண்டு போட்டிருந்தாலும் குறைக்கமுடியாத தொகை ஒரே இரவில் குறைந்தது. அந்த வாரமே ஷோரூமுக்குப் போனோம். பழக்கம் விடவில்லை, முதல் நாள் இரவு நான் ஒரு தாளில் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். மிதியடி, சீட் உறை, ஐயாயிரமாவது குறைக்கச் சொல்லணும், முடியாது என்றால் எழுந்து வாசல்வரை போகணும்.

வாசல்வரை போக வேலையே இல்லை. கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். டேப்லெட்டைத் திருப்பி எங்கள் முன்னால் வைத்தான். வண்டியின் விலை ஒன்பது லட்சத்துச் சொச்சம், அதற்குச் சாலை வரி 13 சதவீதம், காப்பீடு, பதிவுக் கட்டணம், மிதியடிக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வரியும் தனித்தனியாக இருந்தது. "இதுதான் சார். யாருக்கும் இதேதான். நீங்க ஃபோன்ல பாத்தாலும் இதேதான் காட்டும்" என்றான். நான் தாளை எடுக்கக் கையைச் சட்டைப்பைக்குக் கொண்டு போனபோது மகள் என் கையை மெதுவாகப் பிடித்தாள்.

"அப்பா, ஒங்களைக் கூட்டிட்டு வரதுக்கு முன்னாடியே நான் ஒரு நாள் தனியா வந்து கேட்டுட்டேன். அன்னைக்கும் இதே வெலைதான்."

அந்த இடத்தில் எனக்கு அரிசிப் பானைக்குள் இருந்த ரசீது நினைவுக்கு வந்தது. ஒரு பெண் தனியாக வந்து, ஒரு பெரிய பொருளுக்கு விலை கேட்டு, அப்பாவோடு வந்தபோதும் அதே விலையைக் கேட்டிருக்கிறாள். என் அம்மாவுக்குக் கிடைக்காத மரியாதை அது. தாளை மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன்.

மொத்தம் நாற்பது நிமிஷம். ஹெரால்டுக்கு மூன்று நாள், இதற்கு நாற்பது நிமிஷம். கையெழுத்துக்கூட விரலால் கண்ணாடியில். மிச்சமான நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் அந்தப் பையனிடம், "தம்பி எந்த ஊரு?" என்றேன். இலஞ்சி என்றான். குமாரர் கோயில் பக்கம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தாள் என்றான். மாதம் இத்தனை வண்டி விற்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறதாம். விலையில் அவன் குறைக்கவும் கூட்டவும் ஒன்றுமில்லாததால், பொய் சொல்லவேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த நிம்மதியை நான் முக்கியமாகப் பார்த்தேன்.

விஜயதசமியன்று வண்டி வந்தது. டி.என். 76 என்று தென்காசியின் சொந்த எண். காசி விசுவநாதர் சந்நிதியில் பூசை போட்டு நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். நிமிர்ந்து பார்த்தால் 1990இல் குடமுழுக்கு கண்ட கோபுரம் ஒன்பது நிலையோடு முழுசாக நிற்கிறது. பிளவுக்கு நடுவே வானம் பார்த்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. கோபுரம் முழுமையானதில் சந்தோஷம்தான். அந்தப் பிளவில் கூடுகட்டியிருந்த கிளிகளை நினைத்துக்கொள்வதில் தப்பொன்றும் இல்லையே.

அங்கிருந்து நேராக ஐந்தருவிக்கு. ஹெரால்டில் இந்தப் பாதை எங்களுக்கு அரைநாள் பயணம். சாரலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் இறங்கி வண்டி நின்றுவிடும். அப்பா மூடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார், நாங்கள் இறங்கித் தள்ளுவோம், தெரியாதவர்களும் வந்து தள்ளுவார்கள், தள்ளியவர்களில் இரண்டு பேர் கூடவே ஏறி அருவிவரை வருவார்கள். ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தால் ஓடைத் தண்ணீரை முகந்து ஊற்றிவிட்டு, சூடு ஆறும்வரை கட்டுச்சோற்றைப் பிரிப்போம். இந்த வண்டி எங்கேயும் நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குளிர்ச்சியாகப் போனோம். பாதி வழியில் ஏதோ குறைகிறதே என்று பார்த்தால் வாசனை இல்லை. ஈரமண், சுட்ட சோளம், கிச்சிலிக் காய் ஒன்றும் உள்ளே வரவில்லை. மகளிடம் சொன்னேன். நான்கு கண்ணாடியையும் ஒரே பொத்தானில் இறக்கினாள். ஐம்பது வருஷம் உள்ளே வந்தது.

அருவிப் பாதையோரம் ஓர் ஆச்சி கூடையோடு உட்கார்ந்திருந்தார். மங்குஸ்தான் காலம் முடிந்துவிட்டது, கொய்யா வைத்திருந்தார். மகள் இறங்கிப் போனாள்.

"கிலோ எவ்வளவு ஆச்சி?"

"அறுவது ரூவா தாயி."

அவள் அந்தக் காலத்துப் பேரம் ஒன்றும் பேசவில்லை. கூடையில் ஒட்டியிருந்த அட்டையைப் போனில் காட்டிப் பணம் அனுப்பினாள். ஆச்சி நிறுத்துப் போட்டுவிட்டு, பையை வாங்கி மறுபடியும் திறந்து, நல்ல பழமாக இரண்டு பொறுக்கி உள்ளே போட்டார்.

"இது எதுக்கு ஆச்சி?"

"கேட்டிருந்தா வெலையக் கொறச்சிருப்பேன். நீ கேக்கலல்லா, அதான்."

மகள் அந்த இரண்டு பழத்தைப் பையில் மற்றவற்றோடு சேர்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஹெரால்டின் டிக்கியில் ஏறிய பலாப்பழத்தைப் பற்றி அவளுக்கு அன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால் இப்போது தயங்காமல் சொல்வேன்: விலை கறாராகத்தான் இருக்கவேண்டும். பேசத் தெரிந்தவனுக்கு ஒன்று, தெரியாதவளுக்கு ஒன்று என்ற பழைய கணக்கு போய்த் தொலையட்டும். பேரம் போன இடத்தில் பேச்சும் போய்விட வேண்டாம் என்பது மட்டும்தான் என் விண்ணப்பம். நீங்கள் வண்டி வாங்கப் போனால், நாற்பது நிமிஷத்தில் வேலை முடிந்தாலும், எதிரே இருக்கும் பிள்ளையிடம் எந்த ஊர் என்று கேளுங்கள். சாரலுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் பாதையோரத்து ஆச்சிகளிடம் சொன்ன விலைக்கே வாங்குங்கள். அவர்கள் போடுகிற கொசுறை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.